மங்கை எந்தப் பாகத்தில் இருக்கிறாள்

ஜூலை 3, வியாழன்

காலை நடைக்குப் போனபோது ஓய்வூதியர் மன்றத் தலைவர் தாவூத் சார் பூங்கா வாசலில் பிடித்துக்கொண்டார். இந்த மாதக் கடைசி ஞாயிறு, 27ஆம் தேதி, மன்றக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவரே முடிவு செய்துவிட்டார்: ‘தொடர்களை விடாமல் பார்க்கும் பழக்கம் – காரணங்களும் தீர்வுகளும்’. முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் துறையில் இருந்தவர் நீங்கள், உங்களை விட்டால் இதை ஆதாரத்தோடு பேச திருச்சியில் யார் இருக்கிறார்கள் என்றார். மறுக்க முடியவில்லை. மறுக்க விரும்பவும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு என்பது அவருக்குத் தெரியும். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது நேரிலேயே பார்த்தார்.

என் மனைவி மங்கை காரைக்குடியில் இருக்கும் தன் தங்கை திலகவதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் போனாள். ஒரு மாறுதலுக்காக. வேறு காரணம் ஒன்றுமில்லை.

மதியம் தயிர்சாதம். ஊறுகாய் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று டப்பாக்களைத் திறந்தேன். மூன்றிலும் புளி.

ஜூலை 4, வெள்ளி

ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கள ஆய்வு செய்யாமல் நான் எந்த அறிக்கையும் எழுதியதில்லை. 1996 நெல் மகசூல் அறிக்கை மட்டும் விதிவிலக்கு. அப்போது எனக்கு மஞ்சள் காமாலை.

புனேயில் இருக்கும் மகள் இசைவாணியை அழைத்து, அவளுடைய அந்தத் தொடர் பார்க்கும் ஆப்பை எனக்கும் திறந்துவிடச் சொன்னேன். அம்மா பார்ப்பதையா பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஆய்வுக்காக என்றேன். சரிப்பா என்றாள். அந்தச் ‘சரிப்பா’வின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

ஆப்பைத் திறந்தால் திரையில் மூன்று வட்டங்கள் வரும். ஆளுக்கு ஒன்று. இசை, அம்மா, அப்பா. அவரவர் எதைப் பார்க்கிறார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை அந்தந்த வட்டம் நினைவில் வைத்துக்கொள்ளுமாம். என் வட்டத்துக்கு அவள் ஆந்தைப் படம் போட்டிருக்கிறாள்.

டிவி பிளக் சுவரிலிருந்து கழன்று கிடந்தது. சனிக்கிழமையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. செருகினேன்.

ஜூலை 5, சனி

ஆய்வு தொடங்கியது. மங்கை பார்க்கும் அதே தொடரை எடுத்துக்கொண்டேன். ‘ஆலிவ் தோட்டத்து மருமகள்’. துருக்கித் தொடர், தமிழில் பேசுகிறார்கள். மொத்தம் 84 பாகங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம்.

நெர்மின் ஒரு தையல்காரரின் மகள். ஆலிவ் எண்ணெய் வியாபாரம் செய்யும் பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். மாமியார் சப்ரியா நல்ல உயரம், மூக்குத்தி இல்லாமலே பயமாக இருக்கிறது. கணவன் தாரிக் நல்லவன்தான். ஆனால் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டே இருக்கிறாள், இவன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான்? எனக்கே கோபம் வந்தது.

இன்று இரண்டு பாகங்கள் பார்த்தேன்.

திருத்தம்: ஐந்து.

காரணம் 1: ஒவ்வொரு பாகத்தையும் யாரோ கதவைத் தட்டும்போது முடிக்கிறார்கள். தட்டியது யார் என்று காட்டுவதில்லை. இது ஒரு சூழ்ச்சி. பலவீனமான மனங்களை இது பாதிக்கும். என்னைப் பாதிக்காது. ஆனால் தட்டியது யார் என்று தெரியாமல் ஆய்வை மேற்கொண்டு நடத்த முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

பருப்பு வைத்த குக்கர் தீய்ந்துவிட்டது. நெர்மினின் அண்ணன் கப்பலில் வந்து இறங்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விசில் சத்தம் கப்பலுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் நின்ற பிறகும் விசில் நிற்காததால்தான் சந்தேகம் வந்தது.

காரணம் 2: சத்தம் நன்றாக அமைத்திருக்கிறார்கள்.

குக்கரைத் தேய்க்க ஒன்றரை மணி நேரம். அடியில் இன்னும் இந்தியா வரைபடம் மாதிரி கருப்பு இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

இன்று ஆந்தையை அழுத்துவதற்குப் பதிலாகத் தவறுதலாக ‘அம்மா’ வட்டத்தை அழுத்திவிட்டேன். உள்ளே அதே தொடர். படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு, பாதி வரை. 31ஆம் பாகம் என்று இருந்தது.

அவள் இங்கிருந்து போகும்போது 29இல் இருந்தாள். அது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும். ஆக, திலகா வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்லது. அங்கே டிவி நன்றாக ஓடுகிறது என்று தெரிகிறது.

வேறு ஒருவரும் இதே தொடரைப் பார்ப்பதால் ஒப்பீட்டுக்கு இரண்டாவது மாதிரி கிடைத்துவிட்டது. தினமும் குறித்துக்கொள்ளலாம். ஆய்வு முறைப்படி இது சரியே.

ஜூலை 8, செவ்வாய்

மங்கை: 33. நான்: 12.

ஜூலை 9, புதன்

மங்கை: 34. நான்: 17.

ஒரே ஒரு பாகம்தான் பார்த்திருக்கிறாள். திலகாவோடு கோயிலுக்குப் போயிருக்கலாம். அல்லது தலைவலி. அவளுக்குப் புதன்கிழமை விரதமிருந்தால் தலைவலி வரும். விரதம் புதனா வியாழனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாருமில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒரு அசம்பாவிதம்.

குறிப்பு எடுப்பதற்காக மங்கையின் வட்டத்தைத் திறந்தேன். விரல் வழுக்கி ஓகே பட்டனில் பட்டு, அவள் நிறுத்திய இடத்திலிருந்து 35ஆம் பாகம் ஓட ஆரம்பித்தது. பதறி வேறு எதையோ அழுத்தினேன். 38ஆம் பாகத்தின் கடைசிக்குப் போய்விட்டது. சப்ரியா ஒரு கடிதத்தை அடுப்பில் போட்டு எரிக்கிறாள். அதை நான் பார்த்திருக்கவே கூடாது. நான் இன்னும் 19ஆம் பாகம்கூடத் தொடவில்லை.

மறுபடி 35க்கு வந்து, அவள் நிறுத்தியிருந்த பத்தொன்பதாவது நிமிடத்துக்குக் கொண்டுபோக அரைமணி நேரம் போராடினேன். ரிமோட்டை ஒரு தட்டு தட்டினால் பதினேழு, இன்னொரு தட்டு தட்டினால் இருபத்தொன்று. பத்தொன்பது மட்டும் வரவே இல்லை. இருபத்தொன்றில் விட்டுவிட்டேன். இரண்டு நிமிடம்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

‘அம்மா’ வட்டத்தில் பூட்டு. நான்கு எண்கள் கேட்கிறது.

எங்கள் திருமண நாளைப் போட்டேன். இல்லை. இசைவாணி பிறந்த நாளைப் போட்டேன். இல்லை. என் பிறந்த நாளைப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் வரவில்லை.

இசைவாணியை அழைத்தேன். அம்மாதான் பூட்டச் சொன்னாங்க என்றாள். ஏன் என்றேன்.

“ரெண்டு நிமிஷம் தள்ளி வச்சிருந்தீங்களாம்ப்பா.”

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் நேரத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் துறையில் இருந்திருந்தால் இணை இயக்குநர் ஆகியிருப்பாள்.

ஜூலை 12, சனி

மங்கை: தெரியாது. நான்: 26.

ஜூலை 13, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். மதியம் ரொட்டியும் வாழைப்பழமும் நாற்காலியிலேயே. ஏழு பாகங்கள். ஐந்தாவது பாகத்துக்குப் பிறகு படம் தானாக நின்று, திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’

முதலில் அவமானமாக இருந்தது. வரி கட்டாதவனுக்கு நோட்டீஸ் வந்த மாதிரி. பிறகு யோசித்தேன். இந்த இரண்டு வாரத்தில் இந்த வீட்டுக்குள் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். ‘ஆம்’ என்று அழுத்தினேன். கொஞ்சம் வேகமாகவே அழுத்தினேன்.

காரணம் 5: இருக்கிறாயா என்று கேட்கிறது.

(3, 4 எங்கே என்று தேடினேன். எழுதவில்லை போலிருக்கிறது.)

29ஆம் பாகத்தை இன்று தாண்டினேன். அதில் நெர்மின் இறந்துபோன தன் அம்மாவின் கடிதத்தைப் படிக்கிறாள். நல்ல காட்சி. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மின்விசிறியைத் துடைத்து நாளாகிறது.

ஜூலை 15, செவ்வாய்

தாவூத் சார் வந்தார். பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார். 34ஆம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். ஓடட்டும் சார் என்று உட்கார்ந்தார். மூன்று பாகங்கள் பார்த்தார். இந்தப் பொண்ணு யாரு, அந்தப் பையன் ஏன் முறைக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். யாருக்காவது விளக்கிச் சொல்லிக்கொண்டு பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது தங்கச்சி எப்போது வருகிறாள் என்றார். மங்கையை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். வருவாள் என்றேன். செருப்பைப் போட்டவர் போகாமல் நின்றார்.

“சார், அன்னிக்கு நீங்க அந்தப் பிளக்கப் புடுங்குனது எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டம்மாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுத்துட்டேன். நாளைக்கு நானும் அப்படி எதாவது செஞ்சு தொலைச்சிடக் கூடாது பாருங்க.”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன். காபி கேட்டிருந்தார். அதைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 16, புதன்

நடந்ததைப் பதிவு செய்து வைப்பது நல்லது. பிற்காலத்தில் குழப்பம் வரக் கூடாது.

ஜூன் 28, சனிக்கிழமை மாலை தாவூத் சாரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மங்கை 29ஆம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று எழுந்தாள், ஆனால் கண் முழுக்கத் தண்ணீர். தாவூத் சார் மனைவி என்னமோ ஏதோ என்று பதறினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இதைப் பார்த்து அழுகிறவளிடம் போய் மூளையைத் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ரிமோட் கையில்தான் இருந்தது. அதில் நிறுத்தியிருக்கலாம்.

அவள் எல்லோருக்கும் டீ போட்டாள். தாவூத் சாருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு அரை ஸ்பூன். எதுவும் மாறவில்லை. அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டே, நான் எதுக்கு அதைப் பாக்குறேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா என்றாள். கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தேன். காலையில் பார்த்தால் பை கட்டியிருந்தாள்.

இதுதான் நடந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. எழுதும்போது ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன். சர்க்கரை இறங்கியிருக்கலாம். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பூட்டு இல்லை.

காலையில் ஆப்பைத் திறந்தபோது ‘அம்மா’ வட்டத்தில் பூட்டுப் படம் காணோம். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை அழுத்தினேன். திறந்தது. 50ஆம் பாகம். எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

இசைவாணியிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சில விஷயங்களைக் கேட்டால் மறுபடி பூட்டிவிடுவார்கள்.

நான் 44இல் இருக்கிறேன். பேச்சுக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் 50ஐப் பிடித்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால், ஆய்வில் இரண்டு மாதிரிகளும் ஒரே புள்ளியில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஜூலை 19, சனி

மங்கை: 51. நான்: 47. தாரிக் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மங்கை: 52, பன்னிரண்டாவது நிமிடம். நான்: 50.

முகச்சவரம் செய்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு என்று குறிப்பிட விரும்பவில்லை.

ஜூலை 21, திங்கள்

மங்கை: 52, பன்னிரண்டாவது நிமிடம். கோடு நகரவில்லை.

நானும் 52க்கு வந்துவிட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நெர்மின் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். 52. ஒன்பது மணிக்கும் 52. பதினொன்று, ஒன்று, இரண்டே கால், நான்கு, ஐந்தரைக்கும் 52.

இசைவாணியை அழைத்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு நல்லாத்தான் இருக்காங்க, நீங்களே கேளுங்கப்பா என்றாள். எனக்குத் தெரிஞ்சு என்றால் என்ன அர்த்தம்? தெரியாமல் என்னவெல்லாம் இருக்கும்?

மங்கையின் எண்ணை எடுத்தேன். அழைப்பு போவதற்குள் துண்டித்துவிட்டேன். எடுத்து அவள் சொல்லுங்க என்று சொன்னால், அதற்குப் பிறகு நான் சொல்ல என்ன வைத்திருக்கிறேன்? முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் போனில் பேசியதெல்லாம் பால் வாங்கவா, பஸ் ஏறியாச்சா என்பதுதான்.

பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் தயாரித்தேன். நாளை காரைக்குடிக்குப் போய் நேரடியாகத் தகவல் சேகரிப்பதாக உத்தேசம். கள ஆய்வு.

ஜூலை 23, புதன், காரைக்குடி

காலை எட்டு மணி பஸ். புதுக்கோட்டையில் பத்து நிமிடம் நின்றது. இறங்கி டீ குடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பத்தே காலுக்குத் திலகா வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன். அப்போது எனக்குத் தொடர் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மங்கைதான் திறந்தாள். கையில் முருங்கைக்கீரை. உடம்பு நன்றாக இருந்தது. சற்றுச் சதை போட்டிருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

“என்னங்க?” என்றாள்.

“ரெண்டு நாளா அம்பத்திரெண்டுலயே நிக்குது” என்றேன்.

பஸ்ஸில் ஒரு மாதிரி யோசித்து வைத்திருந்தேன். முதலில் நலம் விசாரிப்பது, பிறகு மன்றத்தைப் பற்றிச் சொல்வது, பிறகு வினாத்தாளுக்கு வருவது என்று. எல்லாம் வரிசை மாறிவிட்டது.

அவள் கீரையை மறு கைக்கு மாற்றினாள். “நெட்டு வயர எலி கடிச்சிருச்சு. ஆள் வரேன்னு சொல்லிருக்கான்.” பிறகு, “அதுக்கா வந்தீங்க?”

இல்லை, ஆய்வு விஷயமாக வந்தேன் என்று வினாத்தாளை எடுத்துக் காட்டினேன். உள்ளே வரச் சொன்னாள். இருமியது திலகாதான். மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் திலகாவிடம் தகவல் சேகரித்தேன். கணவர் போய் ஆறு வருடம். மூட்டு வலி. ஏழாவது கேள்வி: தொடர்ந்து பார்ப்பதற்கான முதன்மைக் காரணம் என்ன? அ) பொழுதுபோக்கு, ஆ) ஆர்வம், இ) பழக்கம், ஈ) பிற. எனக்கு நடக்க முடியல அத்தான், அவங்களாவது நல்லா நடந்து திரியட்டும்னு பாக்குறேன் என்றாள். ‘பிற’ என்று போட்டுக்கொண்டேன். பிறகு அவளே, யாரும் கேட்காமல், ஒரு தகவல் கொடுத்தாள்.

“அக்காவும் உங்க ஆந்தையத் தெறந்து தெறந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அத்தான் இன்னைக்கு நாப்பத்தி நாலுக்கு வந்துட்டாகன்னு அன்னைக்கு எங்கிட்டச் சொல்லுது.”

மங்கை, திலகா அடுப்பைப் பாரு என்றாள். திலகா எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை, நான் பார்த்தேன்.

மங்கை கீரையை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள். வயது அறுபது. படிப்பு பிளஸ் டூ. ஒரு நாளைக்கு இரண்டு பாகம். ஏழாவது கேள்விக்கு வந்தபோது நான் நான்கு விடைகளையும் வாசிக்கவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன்.

“நீ எதுக்குப் பாக்குற?”

அவள் ஒரு காம்பை உருவி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அதுல சாப்பிடும்போது பேசிக்கிறாங்க. பெரிய மேசையில எல்லாரும் உக்காந்துகிட்டு. சண்டதான் போடுறாங்க, இருந்தாலும் பேசுறாங்க. இசை கல்யாணமாகிப் போனதுலேர்ந்து நம்ம வீட்டுல சாப்பாட்டு நேரத்துல பேப்பரு திருப்புற சத்தம்தான்.”

‘பிற’ என்பதற்கு எதிரே ஒரு சிறு கோடுதான் விட்டிருந்தேன். அந்த இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். அவள் சொன்னபடியே எழுதினேன். பேனா இரண்டு இடத்தில் நின்றது. பேனாவில் ஒரு கோளாறும் இல்லை.

“அன்னிக்கு பிளக்கப் புடுங்குனது தப்பு” என்றேன். “ரிமோட் கையிலதான் இருந்துச்சு.”

“ரிமோட்ல நிறுத்தியிருந்தா சரியா?”

“இல்ல. அதுவும் தப்பு.”

அடுத்த கொத்தை எடுத்தாள். பிறகு, நீங்க எதுக்குப் பாத்தீங்க, அம்பத்திரெண்டு வரைக்கும் என்று கேட்டாள். என் குறிப்பேட்டில் அதுவரை ஒன்பது காரணங்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

“நீ எங்க இருக்கேன்னு பாக்கத்தான்.”

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. திலகாதான் வந்து, குளிக்கிறீகளா அத்தான், வெந்நீர் போட்டிருக்கு என்றாள். மாற்று வேட்டி கொண்டுவரவில்லை என்றேன். அவள் கணவரின் வேட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவர் என்னைவிட உயரம்.

ஜூலை 24, வியாழன், காரைக்குடி

ஊருக்குப் போகலாமா என்று மங்கையிடம் கேட்டேன். தொடர் முடியட்டும், திலகாவைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்றாள். இன்னும் முப்பத்திரண்டு பாகங்கள் இருக்கின்றன. நெட் வயரை மாற்ற ஆள் இன்று வந்தான். எலி கடித்த துண்டை எனக்குக் காட்டினான். சின்னத் துண்டுதான்.

மூன்று பேரும் உட்கார்ந்து ஐந்து பாகங்கள் பார்த்தோம். 38இல் கடிதத்தை எரித்த சப்ரியா 56இல் அகப்பட்டுக்கொள்கிறாள். அவள் எரிப்பாள் என்பது 19ஆம் பாகத்துக்கு வரும் முன்பே எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று மங்கை கேட்டாள். அந்த இரண்டு நிமிட விவகாரம் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. திலகாவிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச முயற்சி செய்தேன். சுரைக்காயில் தண்ணீர்ச் சத்து அதிகம் என்றேன். ஆமா என்றாள். அதற்கு மேல் எனக்குச் சுரைக்காயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவளே, இது திலகா வீட்டுக் கொல்லையில காய்ச்சது என்றாள். அப்படியா என்றேன். மொத்தம் நான்கு வாக்கியங்கள். தொடக்கத்துக்கு மோசமில்லை.

ஜூலை 25, வெள்ளி, காரைக்குடி

மதியச் சாப்பாட்டில் பதினொரு வாக்கியங்கள். எண்ணுகிறீர்களா என்று மங்கை கேட்டாள். இல்லை என்றேன். எண்ணினால் கரண்டியால் அடிப்பேன் என்றாள். அதையும் சேர்த்தால் பன்னிரண்டு.

தாரிக் 63ஆம் பாகத்தில் வாயைத் திறந்தான். நெர்மினின் கையைப் பிடித்து, உன்னிடம் நான் எதையுமே கேட்டதில்லை என்கிறான். திலகா அழுதாள். மங்கை அழவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். திலகா வீட்டில் மின்விசிறி புதுசு.

ஜூலை 26, சனி, காரைக்குடி

நாளை பேச்சு. தாவூத் சார் இரண்டு முறை அழைத்துவிட்டார். காலை பஸ்ஸில் நான் போய்ப் பேசிவிட்டு, மறுபடி இங்கே வருவதாக ஏற்பாடு. மங்கை என் சட்டையைத் தேய்த்து வைத்தாள். அவளுடைய சேலை ஒன்றும் தேய்த்து மடித்து வைத்திருக்கிறது. கேட்டேன். திலகாவுக்கு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு வேணுமாம் என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு, திருச்சி

கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மங்கை கடைசிக்கு முந்தின வரிசையில் தாவூத் சார் மனைவியோடு உட்கார்ந்தாள். நான் ஒன்பது காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். கதவு தட்டுவது, சத்தம், மூட்டு வலி, இருக்கிறாயா என்று திரை கேட்பது. திரை கேட்பதைச் சொன்னபோது சபையில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தீர்வுகள் என்ற பகுதிக்கு வந்தபோது தாளில் ஒன்றும் இல்லை. எழுத மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எழுத வரவில்லை. அதனால், பழக்கத்தைக் குறைப்பதற்கு முன்னால், பார்க்கிறவரிடம் ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள், கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். தாவூத் சார் பொன்னாடை போர்த்தினார். ஏற்கெனவே யாருக்கோ போர்த்திய வாசனை அடித்தது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“முடிவு பரவாயில்ல. நடுவுல ரெண்டு பாகம் வெட்டியிருக்கலாம்.”

எந்த இரண்டு என்று கேட்டேன். சொன்னாள். இரண்டும் நான் மிகவும் உழைத்து எழுதியவை. ஒப்புக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, “என்கிட்டச் சொன்ன காரணத்த அங்க சொல்லவே இல்லியே?” என்றாள்.

“அது மன்றத்துல சொல்றதுக்கு இல்ல” என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காய்கறிக் கடை வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கத்தரிக்காய் வாங்கினோம். அவள் பிஞ்சாக எடுத்தாள், நான் பெரிதாக எடுத்தேன். பெரிசுல விதை இருக்கும் என்றாள். விதை இருந்தால் என்ன என்றேன். அதில் ஆரம்பித்து வீடு வரும் வரை கத்தரிக்காயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.